மூல ஓலையும் ஜெராக்ஸ் காப்பியும்

காமர்ஸ் படிக்கிறவனுக்கு சரித்திரத்தில் என்ன வேலை என்று கேட்பீர்கள். காரணம் என் பெரியப்பா.

விருத்தாசலத்தில் சின்னதாக ஒரு பீங்கான் பொம்மைப் பட்டறை வைத்திருக்கிறார். புதுச் சூளைக்காகக் கடன் கேட்டுப் போன இடத்தில், "ஏற்கெனவே வாங்கிய கடனையே நீங்கள் கட்டவில்லையே" என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். அது அவர் வாங்காத கடன்! எப்போதோ, எதற்கோ கொடுத்த ஆதார், பான் கார்டு ஜெராக்ஸை வைத்து யாரோ வாங்கியிருக்கிறார்கள். அடையாளத் திருட்டு என்று இன்று சொல்கிறோம். பழைய பெயர் ஆள்மாறாட்டம்.

இது கம்ப்யூட்டரோடு வந்த வியாதி இல்லை. "நீ யார், இந்தக் கையெழுத்து யாருடையது?" என்ற கேள்வி நம் பக்கத்திலேயே பழசு. 12-ம் நூற்றாண்டில் சேக்கிழார் எழுதிய பெரியபுராணத்தில் வரும் திருவெண்ணெய்நல்லூர் வழக்கை எடுத்துக்கொள்ளுங்கள். சுந்தரர் தன் அடிமை என்று ஒரு கிழவர் ஓலை காட்டுகிறார். சுந்தரர் அதைப் பிடுங்கிக் கிழித்துவிடுகிறார். கிழவர் அசரவில்லை. கிழித்தது படி ஓலைதானாம், மூல ஓலை பத்திரமாக இருக்கிறதாம்! சபையார் மூல ஓலையை அப்படியே நம்பிவிடவும் இல்லை. சுந்தரருடைய பாட்டனார் எழுதிய வேறொரு ஓலையைக் காப்பிலிருந்து வரவழைத்து, இரண்டு கையெழுத்தையும் ஒப்பிட்டுப் பார்த்த பிறகுதான் தீர்ப்பு. பக்திக் கதைதான். ஆனால் நகல் வேறு, மூலம் வேறு, ஒப்பிடுவதற்கு மூன்றாமவரிடம் ஒரு சான்று வேண்டும் என்ற நடைமுறை அதைக் கேட்டவர்களுக்குப் பழக்கமாக இருந்திருக்கிறது.

எங்கள் ஊர்க் கதையும் அப்படித்தான். திருமுதுகுன்றத்தில், அதாவது இன்றைய விருத்தாசலத்தில், கிடைத்த 12,000 பொன்னை மணிமுத்தாற்றில் போட்டு, திருவாரூர்க் குளத்தில் எடுத்தாராம் சுந்தரர். போடுவதற்கு முன் ஒரு துண்டை மச்சமாக வெட்டி வைத்துக்கொண்டார். கிடைப்பது அதே பொன்தானா என்று ஒத்துப் பார்க்கத்தான்.

அடுத்து வெள்ளைக்காரன் காலம். 1858-ல் வங்காளத்தின் ஜங்கிப்பூரில் வில்லியம் ஹெர்ஷல் என்ற அதிகாரி, ஒப்பந்தம் போட்டவர் பிறகு மறுத்துவிடக் கூடாது என்று கைரேகையைப் பதிய வைத்தார். 1877-ல் ஹூக்ளியில் பத்திரப் பதிவுக்கும் பென்ஷனுக்கும் விரல் ரேகையைக் கொண்டுவந்தார். செத்துப்போனவர் பெயரில் வேறு ஆள் பென்ஷன் வாங்குவதைத் தடுக்கலாம் அல்லவா? 1897-ல் கல்கத்தாவில் கைரேகைப் பிரிவு தொடங்கியது. ரேகைகளை வகைப்படுத்தும் முறையை உருவாக்க உழைத்தவர்கள் அஜிசுல் ஹக், ஹேமசந்திர போஸ் என்ற இரண்டு இந்தியர்கள். பெயர் போனது என்னவோ அவர்களின் மேலதிகாரி எட்வர்ட் ஹென்றிக்கு!

கையெழுத்தைப் போலி செய்யலாம், ரேகையை முடியாது என்று நம்பினோம். 2018-ல் தெலங்கானாவில் அந்த நம்பிக்கையும் போனது. இணையத்தில் இருந்த நிலப் பத்திரங்களின் கைரேகையைப் பார்த்து ரப்பரில் போலி விரல் செய்து, ஆயிரக்கணக்கான சிம் கார்டுகளை ஆக்டிவேட் செய்திருந்தார் ஒருவர். எந்தப் பத்திரத்தைக் காப்பாற்ற ரேகை வந்ததோ, அந்தப் பத்திரமே திருடனுக்கு அச்சாகிவிட்டது.

அச்சு என்றால் எங்கள் ஊர்க்காரர்களுக்குச் சொல்லவே வேண்டாம். ஒரு அச்சு கையில் இருந்தால் போதும், ஒரே மாதிரி எத்தனை பொம்மை வேண்டுமானாலும் வார்க்கலாம். ஓலைக் காலத்தில் படியை வைத்து மூலத்தின் வேலையைச் செய்ய முடியாது. இன்று ஜெராக்ஸே மூலத்தின் வேலையைச் செய்கிறது. பிரச்சினையே அங்கேதான்.

சட்டம் மெதுவாகத்தான் வந்தது. ஆள்மாறாட்ட மோசடி 1860-ம் வருட தண்டனைச் சட்டத்திலேயே குற்றம். 1908 பதிவுச் சட்டத்திலும் உண்டு. ஆனால் 2000-ல் வந்த தகவல் தொழில்நுட்பச் சட்டத்தில் அடையாளத் திருட்டுக்கென்று 66சி பிரிவு சேர்ந்தது 2008 திருத்தத்தில்தான். 2009 அக்டோபரில் அமலுக்கு வந்தது. 3 வருடம் வரை சிறை, 1 லட்சம் ரூபாய் வரை அபராதம்.

சரி, நாம் என்ன செய்வது? ஜெராக்ஸ் கொடுத்தால் எதற்கு, என்ன தேதி என்று அதன் மேலேயே எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். முழு ஆதாருக்குப் பதில் கடைசி 4 எண் மட்டும் தெரியும் ஆதாரைக் கொடுங்கள். ஆதார் ஆப்பில் பயோமெட்ரிக்கைப் பூட்டி வையுங்கள். நம் பெயரில் எத்தனை சிம் இருக்கிறது என்று சஞ்சார் சாத்தி தளத்தில் பாருங்கள். வருடத்துக்கு ஒருமுறை கிரெடிட் ரிப்போர்ட் இலவசம், வாங்கிப் பாருங்கள். பணம் போய்விட்டால் உடனே 1930-க்கு போன்!

பெரியப்பா விஷயத்தில் போலீஸ் புகாரும் கிரெடிட் நிறுவனத்துக்கு ஆட்சேபணையும் நான் எழுதிக் கொடுத்தேன். 30 நாளில் சரிசெய்யாவிட்டால் தினம் 100 ரூபாய் நஷ்டஈடு என்பது ரிசர்வ் வங்கி விதி. பெரியம்மாவோ மணவாளநல்லூர் கொளஞ்சியப்பர் கோயிலில் பேர், ஊர் எல்லாம் எழுதி பிராது கட்டிவிட்டு வந்தார். அந்தக் கடன் ரிப்போர்ட்டிலிருந்து நீங்கியதும், முறைப்படி ராஜினாமாவும் கட்டினார். எந்தப் புகார் வேலை செய்தது என்று வீட்டில் இன்னும் வாக்குவாதம் ஓயவில்லை. எழுத்தில் கொடுத்ததால்தான் நடந்தது என்பது என் கட்சி!