இரத்தினபுரியில் நீர்யானை

போன வாரம் தரம் 9 பிள்ளைகளோடு கொழும்புக்குப் போயிருந்தோம். வாப்பிச்சி மரிக்கார் கட்டி 1877இல் திறக்கப்பட்ட பழைய நூதனசாலை எல்லாருக்கும் தெரியும். அதற்குப் பக்கத்திலேயே, 1986இலிருந்து இயங்கும் இயற்கை வரலாற்று நூதனசாலையைக் கவனிக்காமல்தான் நாங்களும் இத்தனை வருடம் திரும்பியிருக்கிறோம்.

"சேர், இலங்கையில ஏது நீர்யானை?" என்று ஒரு பிள்ளை கேட்டாள்.

இருந்திருக்கிறது மகள். காண்டாமிருகமும் சிங்கமும்கூட இருந்தன. இரத்தினபுரிப் பக்கம் மாணிக்கக் குழிகளில், கல் கிடைக்கும் அதே இல்லம் படையிலிருந்துதான் அவற்றின் எலும்பும் பல்லும் வந்தன. நூதனசாலைப் பணிப்பாளராயிருந்த பி. ஈ. பி. தெரணியகல அவற்றைத் தேடிச் சேர்த்தார். குருவிட்டையில் கிடைத்த பற்களை வைத்தே 1939இல் இலங்கைச் சிங்கத்துக்கு விஞ்ஞானப் பெயர் வைத்தார். கொடியில் மட்டும் சிங்கத்தைப் பார்த்த பிள்ளைகள் வாயடைத்துப் போனார்கள்.

திரும்பும்போது பஸ்ஸில் ஒரு மகன் சொன்னான்: "எங்கட வாப்பாட குழியிலயும் எலும்பு வரும் சேர். கழுவிக் கல்லை எடுத்துட்டு மிச்சத்தை எறிஞ்சிருவாங்க."

எங்களுக்குத் தூக்கிவாரிப் போட்டது. நம்மூரில் எத்தனை குடும்பம் இந்தத் தொழிலில்! இனி அப்படி ஏதும் வந்தால் எறியாதீர்கள். எந்த ஆழத்தில் கிடைத்தது என்று குறித்து, ஒரு படம் எடுத்து, நூதனசாலைக்கு அறிவியுங்கள். கடிதம் எழுத நாங்கள் உதவுகிறோம், இன்ஷா அல்லாஹ்.