மலேரியா ஒட்டுண்ணியில் மரபணுப் படியெடுத்தல்

மலேரியாவை உண்டாக்கும் பிளாஸ்மோடியம் ஓர் ஓரணு ஒட்டுண்ணியாகும். இது கொசுவின் உடலிலும், முதுகெலும்பு விலங்குகளின் கல்லீரலிலும் சிவப்பணுக்களிலும் வெவ்வேறு வடிவங்களில் வாழ்கின்றது. எல்லா வடிவங்களுக்கும் டி.என்.ஏ ஒன்றே, எம்மரபணு எப்பொழுது ஆர்.என்.ஏ ஆகப் படியெடுக்கப்படுகின்றது என்பதே வேறுபடுகின்றது. டி.என்.ஏயின் தொடர்வரிசையும், அது புரதங்களுடன் பொதிந்துள்ள குரோமாட்டின் என்னும் அமைப்பும் சேர்ந்தே இதனைத் தீர்மானிக்கின்றன.

குரங்குகளில் கண்டவை

தென்காசியை அடுத்த குற்றால அருவிகளுக்குச் செல்வோர் நன்கறிந்த குல்லாய்க் குரங்கு, பிளாஸ்மோடியம் ஃபிராகிலே என்னும் ஒட்டுண்ணியின் இயற்கை ஓம்புயிர் இனங்களில் ஒன்று. இலங்கைக்கே உரிய மக்காக்கா சினிக்கா மற்றொன்று. கமினி மென்டிஸ் உள்ளிட்ட ஆய்வாளர்கள், ஒரே ஒட்டுண்ணியிலிருந்து பெருக்கிய வழித்தோன்றல்களை இலங்கைக் குரங்கில் செலுத்தி ஆராய்ந்து, 1987 இல் முடிவுகளை வெளியிட்டனர். தொற்று நீடிக்க நீடிக்க, ஒட்டுண்ணியின் எதிர்ப்பிகள் ஒன்றன்பின் ஒன்றாக மாறிவந்தன. முன்னதற்கு எதிராக உண்டான நோயெதிர்ப்பிகள் பின்னதற்கு உதவுவதில்லை. தொற்று எளிதில் நீங்காமைக்கும் தடுப்பூசி ஆக்குவதன் கடினத்திற்கும் இது ஒரு முக்கிய காரணமாகும்.

தொடர்வரிசை

மனிதரில் கடும் மலேரியாவை உண்டாக்கும் பி. ஃபால்சிபாரத்தின் மரபணுத்தொகுதி 2002 இல் வெளியானது. அதில் 14 நிறப்புரிகளும் ஏறத்தாழ 2.3 கோடி எழுத்துக்களும் உள்ளன. எழுத்துக்களுள் சுமார் 80 விழுக்காடு அடினினும் தைமினும் ஆகும். நான்கு எழுத்துக்கள் இருந்தும் பெரும்பாலும் இரண்டைக் கொண்டே எழுதிய நூல் போன்றது இது. கணினி நிரல் கொண்டு தேடுவோர்க்குத் தற்செயலான பொருத்தங்கள் மலிந்து தொல்லை தரும்.

படியெடுத்தலைத் தொடக்கும் காரணிப் புரதங்கள் இவ்வுயிரியில் மிகக் குறைவாகவே முதலில் தென்பட்டன. 2005 இல் பாலாஜி, மதன் பாபு, லட்சுமிநாராயண் ஐயர், அரவிந்த் ஆகியோர் புரதத் தொடர்வரிசைகளைக் கணினியில் ஒப்பிட்டு, தாவரங்களில் அறியப்பட்ட ஏபி2 என்னும் பகுதியை உடைய ஒரு புரதக் குடும்பத்தைக் கண்டறிந்தனர். இவர்களுள் மதன் பாபு சென்னை அண்ணா பல்கலைக்கழகத்தில் பயின்றவர். இக்குடும்பப் புரதங்கள் பல, டி.என்.ஏயில் குறிப்பிட்ட சிறு எழுத்துத் தொடர்களை இனங்கண்டு பற்றுகின்றன.

குரோமாட்டின்

பி. ஃபால்சிபாரத்தில் ஏறத்தாழ 60 'வார்' மரபணுக்கள் உள்ளன. தொற்றிய சிவப்பணுவின் மேற்பரப்பில் தோன்றும் புரதத்தின் வெவ்வேறு வகைகளை இவை குறிக்கின்றன. பொதுவாக ஒரு நேரத்தில் ஒன்றே படியெடுக்கப்படும். ஏனையவற்றில் ஹிஸ்டோன் எச்3 இன் ஒன்பதாவது லைசினில் மெத்தில் தொகுதிகள் மூன்று சேர்ந்திருக்கும். அக்குறியை எச்பி1 புரதம் பற்றிக்கொள்ள, குரோமாட்டின் இறுகி மரபணு அடங்கிவிடும். இந்நிலை அணுப்பிரிவின் பின்னரும் தொடர்வதால், எழுத்து ஒன்றும் மாறாமலே தெரிவு மட்டும் அடுத்த தலைமுறைக்குச் செல்கின்றது.

ஏபி2-ஜி என்னும் காரணியின் மரபணுவும் பெரும்பாலான ஒட்டுண்ணிகளில் எச்பி1 ஆல் அடக்கப்பட்டே இருக்கும். சிலவற்றில் இவ்வடக்கம் நீங்கும்போது அவை பாலின வடிவங்களாக மாறுகின்றன. இக்காரணி இன்றேல் பாலின வடிவங்கள் தோன்றா என 2014 இல் காட்டப்பட்டது. கொசுவில் தொற்றவல்லவை அவ்வடிவங்கள் மட்டுமே.