சூசாவின் குழுவும் மெழுகுப் பதிவும்

1880 முதல் 1892 வரை வாஷிங்டனில் அமெரிக்க மரைன் படையின் இசைக்குழுவை நடத்திய ஜான் பிலிப் சூசா, அப்பதவியைத் துறந்து தம் பெயரில் நிறுவிய குழு, சீருடையிலும் வாத்திய அமைப்பிலும் படைக்குழுவையே ஒத்திருந்தபோதிலும், அரசைச் சாராமல் நுழைவுச்சீட்டு வருவாயைக் கொண்டே இயங்கியது. அதன் முதல் கச்சேரி 1892 செப்டம்பர் 26 அன்று நியூ ஜெர்சியின் பிளெயின்ஃபீல்டில் நடைபெற்றது. இத்தகைய குழுக்களில் வயலின் வரிசை கிடையாது; அதன் பணியைக் கிளாரினெட்டுகள் ஏற்க, டிரம்பெட் இனத்துப் பித்தளைக் குழல்களும் முரசுகளும் அவற்றைத் தாங்கி நின்றன.

ஒலிப்பதிவுக்கு இவ்வமைப்பு மிகவும் பொருந்தியது. ஒலிவாங்கி வழக்கிற்கு வராத அக்காலத்தில், ஒலி அகன்ற கூம்புக் குழாயினுள் புகுந்து, மெல்லிய தகட்டை அதிரச் செய்து, அத்துடன் இணைந்த ஊசியால் மெழுகில் கோடாகப் பதிந்தது. வயலினின் நுண்ணொலி இம்முறையில் மங்கிவிட, பித்தளை வாத்தியங்களின் உரத்த ஓசை தெளிவாகப் பதிந்தது. எனினும் கூம்பின் முன் சிலரே நெருங்கி நிற்க முடிந்ததால், மேடையில் முழங்கிய முழுக்குழு வட்டுகளில் இடம்பெறவில்லை. விக்டர் நிறுவனம் வெளியிட்ட பதிவுகளில் பலவற்றைக் குழுவின் புகழ்பெற்ற டிராம்போன் கலைஞர் ஆர்தர் பிரையர் போன்றோரே நடத்தினர். சூசாவின் பெயரைத் தாங்கிய வட்டுகளுள் அவரே நடத்தியவை மிகச் சில.

இயந்திர இசை மக்களின் இசைப்பயிற்சியை அழிக்கும் என்று 1906இல் கட்டுரை எழுதிய அவர், பதிவாகும் படைப்புகளுக்கு ஊதியம் கோரி நாடாளுமன்றக் குழுவின் முன்பும் வாதிட்டார். அவ்வாதம் நியாயமானதே. 1909ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம், பதிவின் ஒவ்வொரு படிக்கும் 2 சென்ட் உரிமைத்தொகை பெறும் உரிமையை இசையமைப்பாளருக்கு வழங்கியது.