பைத்தியத்துக்கு ஒரு வேர்

சாரல் காலத்தில் குற்றாலம் போனவர்கள், அருவிக்குப் போகும் வழியில் பரப்பி வைத்திருக்கும் மூலிகைக் கடைகளைத் தாண்டாமல் போயிருக்க முடியாது. வேர், பட்டை, கிழங்கு, தைலம் என்று எல்லாம் இருக்கும். எதை வாங்கினாலும் ஒரு வாசகம் இலவசம்: "பச்சிலை மருந்துங்க, பக்கவிளைவே கிடையாது." அந்த வாசகத்தைப் பொய்யாக்கிய செடி இதே மேற்குத் தொடர்ச்சி மலையில்தான் வளர்கிறது.

அதன் பெயர் சர்ப்பகந்தி. சிவன்அமல்பொடி என்றும் சொல்வார்கள். சிறிய குத்துச்செடி. கணுவுக்கு மூன்று நான்கு இலை, வெள்ளையும் இளஞ்சிவப்பும் கலந்த பூ, பழுத்தால் கறுத்து மினுக்கும் காய். சரக்கு இருப்பதெல்லாம் வேரில். வாயில் வைக்க முடியாத கசப்பு. பாம்புக்கடிக்கும் காய்ச்சலுக்கும் கொடுத்துவந்தார்கள். பீகார்ப் பக்கச் சந்தைகளில் இதே வேர் ‘பாகல் கி தவா’, அதாவது பைத்திய மருந்து என்றே விலைபோனது.

குற்றாலத்துக்கும் செடிகளுக்கும் உறவு பழையது. கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர்கள் இங்கே ஜாதிக்காயும் கிராம்பும் பயிரிட்டுப் பார்த்தார்கள். 1830களில் கம்பெனி மருத்துவர் ராபர்ட் வைட் இந்த மலைச்சரிவுகளில் செடி செடியாகச் சேகரித்தார். மூளை கலங்கியவர்களை அருவியில் நிறுத்தினால் பித்தம் தெளியும் என்று இங்கே அழைத்துவருவதும் பழைய வழக்கம். அருவி செய்யும் என்று ஜனங்கள் நம்பிய வேலையை, ஒரு வேர் செய்யும் என்று அச்சில் வந்தது கல்கத்தாவில்.

1931-ல் கணநாத் சென், கார்த்திக் சந்திர போஸ் என்ற இரு மருத்துவர்கள், வெறிகொண்டு ஆர்ப்பரிக்கும் மனநோயாளிகளுக்கு இந்த வேர்ப்பொடி கொடுத்ததைக் கட்டுரையாக எழுதினார்கள். 20 முதல் 30 கிரெயின் வரை, நாளைக்கு இரண்டு வேளை. தூக்கம் வந்தது, வெறி தணிந்தது, ரத்த அழுத்தமும் இறங்கியது. அந்த அளவைச் சற்றுக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 20 கிரெயின் என்றால் சுமார் 1.3 கிராம். இந்த வேரில் உள்ள முக்கியமான சத்து ரெசர்பின். உலர்ந்த வேரில் அது ஏறக்குறைய ஆயிரத்தில் ஒரு பங்கு. ஆக இரண்டு வேளைப் பொடியில் குறைந்தது இரண்டரை மில்லிகிராம் உள்ளே போகும். பிற்காலத்தில் ரத்த அழுத்தத்துக்குக் கொடுத்த ரெசர்பின் மாத்திரை 0.1 அல்லது 0.25 மில்லிகிராம். பச்சிலை மென்மையானது என்பவர்கள் இந்தக் கணக்கைக் கொஞ்சம் பார்க்க வேண்டும்.

பம்பாய் இதய மருத்துவர் ருஸ்தம் ஜால் வக்கீல் 1949-ல் பிரிட்டிஷ் ஹார்ட் ஜர்னலில் எழுதிய பிறகு வெளிநாட்டுக் கம்பெனிகளின் கண் வேரின் மேல் விழுந்தது. 1952-ல் சுவிட்சர்லாந்தின் சீபா கம்பெனி ரெசர்பினைத் தனியே பிரித்து, ‘செர்பசில்’ என்று மாத்திரையாக்கியது. நியூயார்க் மாநிலத்தின் ராக்லண்ட் மனநல மருத்துவமனையில் நாதன் கிளைன் அதை நோயாளிகளுக்குக் கொடுத்து 1954-ல் முடிவுகளை வெளியிட்டார். அதே சமயத்தில் பாரீஸில் பிறந்த குளோர்ப்ரோமசீன் என்ற மனநோய் மருந்தும் பரவிக்கொண்டிருந்தது. கூச்சலும் சங்கிலியுமாக இருந்த வார்டுகள் அடங்கின. இங்கே காட்டில் வேர் தோண்டும் வேகத்தைப் பார்த்து, இந்திய அரசு 1950களின் நடுவில் வேர் ஏற்றுமதிக்குத் தடை போட வேண்டி வந்தது.

சந்தோஷம் நெடுநாள் நீடிக்கவில்லை. அதே 1954-ல் சுவிட்சர்லாந்தின் லௌசான் நகர மருத்துவர் ஹான்ஸ் ஸ்டெக் ஒன்றைக் கவனித்தார். செர்பசில் சாப்பிட்டவர்களும் குளோர்ப்ரோமசீன் சாப்பிட்டவர்களும் ஒரே மாதிரி மாறியிருந்தார்கள். உணர்ச்சியற்ற முகம், நடுங்கும் கை, குறுகிய நடை. பார்க்கின்சன் நோயின் அச்சு. சிலரால் ஓரிடத்தில் உட்காரவே முடியவில்லை. வேரிலிருந்து வந்தது ஒன்று, ஆய்வுக்கூடத்தில் செய்தது ஒன்று. விளைவு மட்டும் ஒன்று.

அமெரிக்காவின் எட்வர்ட் ஃப்ரைஸ் அதே ஆண்டு வேறொரு எச்சரிக்கை தந்தார். ரத்த அழுத்தத்துக்காக நெடுநாள் அதிக அளவில் ரெசர்பின் எடுத்தவர்களில் சிலர் ஆழ்ந்த மனச்சோர்வில் விழுந்தார்கள். (மறு ஆண்டே லண்டனில் டேவிஸ், ஷெப்பர்ட் இருவரும் சோர்வும் பதற்றமும் உள்ளவர்களுக்கு ரெசர்பின் கொடுத்து, குணம் தெரிகிறது என்று எழுதியதும் உண்டு. அந்த வழக்கு இன்னும் முடியவில்லை.)

ஏன் இப்படி ஆகிறது என்பதை அவிழ்த்தவர் ஸ்வீடனின் ஆர்விட் கார்ல்சன். 1957-ல் அவர் முயல்களுக்கு ரெசர்பின் செலுத்தினார். காது தொங்க, அசைவில்லாமல் கிடந்தன. எல்-டோப்பா என்ற பொருளைச் செலுத்தியதும் சிறிது நேரத்தில் எழுந்து நடமாடின. மூளையில் டோபமைன் என்ற ரசாயனம் தீர்ந்துபோனதுதான் காரணம். டோபமைனை நெல் என்று வைத்துக்கொண்டால், ரெசர்பின் அதைச் சேர்த்துவைக்கும் குதிரைக் காலி செய்கிறது. குளோர்ப்ரோமசீனும் அதே வகை மருந்தான ஹாலோபெரிடாலும் குதிரைத் தொடாமல், நெல் போய்ச் சேரும் வீட்டின் வாசலை அடைக்கின்றன. எதனால் வெறி தணிகிறதோ அதனாலேயே கையும் நடுங்குகிறது. பார்க்கின்சன் நோய்க்கு எல்-டோப்பா மருந்தாக வந்ததும் இந்த வழியில்தான். கார்ல்சனுக்கு 2000-ல் நோபல் பரிசு கிடைத்தது.

நடுக்கம் மருந்தைக் குறைத்தால் அடங்கும். அடங்காதவையும் வந்தன. 1960-ல் பிரெஞ்சு மருத்துவர்கள் பதிவு செய்த ‘நியூரோலெப்டிக் மேலிக்னன்ட் சிண்ட்ரோம்’ அபூர்வம்தான், ஆனால் உயிரைக் கேட்பது: கடுங்காய்ச்சல், மரக்கட்டை போல விறைத்த உடம்பு, தடுமாறும் நினைவு. மனநோய் மாத்திரை சாப்பிடுபவருக்கு இவை சேர்ந்து வந்தால் ஒரு நாள் பார்க்கலாம் என்று வீட்டில் வைத்திருக்கக் கூடாது. 1975-ல் பின்லாந்தில் குளோசபின் என்ற மனநோய் மருந்து ரத்தத்தின் வெள்ளணுக்களை அழித்து 8 பேர் இறந்தார்கள். அந்த மருந்து திரும்பி வந்தபோது ரத்தப் பரிசோதனை என்ற நிபந்தனையோடு வந்தது.

ஆண்டுக்கணக்கில் மாத்திரை எடுத்தவர்களுக்கு வருவது டார்டிவ் டிஸ்கைனீசியா. வாய் தானாக மெல்லும், நாக்கு துருத்தும், விரல்கள் வீணை வாசிக்கும். இதில் சென்னைக்கு ஒரு பங்கு உண்டு. ஸ்காட்லாந்தின் ராபின் மெக்கிரீடியும், டாக்டர் சாரதா மேனன் 1984-ல் தொடங்கிய ஸ்கார்ஃப் என்ற சென்னை மனநல நிறுவனத்தின் டாக்டர் தாராவும் குழுவாகச் சேர்ந்து 1996-ல் வெளியிட்ட ஆய்வு அது. மாத்திரை எடுத்த வயதான மனச்சிதைவு நோயாளிகள் 83 பேரில் 41 சதவீதத்தினருக்கு இந்த அசைவுகள் இருந்தன. வாழ்நாளில் ஒரு மாத்திரையும் சாப்பிடாத 21 பேரில் 38 சதவீதம். நோயில்லாத முதியவர்களில் 15 சதவீதம். அசைவுகள் நோயின் கூறுதான், மருந்தினால் வருபவை அல்ல என்றார்கள் ஆய்வாளர்கள். மருந்தை அவ்வளவு எளிதாக விடுவிக்க 21 பேர் போதாது என்பது என் எண்ணம். ஆனால் எல்லாப் பழியையும் மாத்திரை மேல் போட முடியாது என்பதும் அதிலிருந்து தெரிகிறது. அதைவிட என்னை உறுத்துவது வேறு: முதுமை வரை வைத்தியமே கிடைக்காமல் இருந்த 21 பேர் ஓர் ஆய்வுக்குக் கிடைத்தார்கள்.

டார்டிவ் டிஸ்கைனீசியாவுக்கென்று அமெரிக்க அரசு முதல் மருந்துகளை அனுமதித்தது 2017-ல். வால்பெனசின், டியூடெட்ராபெனசின் என்ற அவை இரண்டும் மூளையில் பிடிக்கும் இடம், டோபமைனைக் குதிரில் ஏற்றும் அதே புரதம். சர்ப்பகந்தி வேரின் ரெசர்பின் பிடித்த இடம். வாசலை அடைத்த மாத்திரைகள் செய்த கேட்டுக்கு, குதிரின் இருப்பைக் குறைக்கும் மாத்திரை மருந்தானது. இந்த வகைக்கு மூத்தது டெட்ராபெனசின், 1950களில் ரெசர்பினைப் பார்த்து ஆய்வுக்கூடத்தில் செய்தது. அதன் சீட்டில் கட்டம் போட்டு ஓர் எச்சரிக்கை அச்சிட்டிருக்கிறது: மனச்சோர்வும் தற்கொலை எண்ணமும் வரலாம்.

(தொடரும்)