குதிரைக் குரல்வளை வாதம்: சிகிச்சை மதிப்பீடு

குரல்வளை வாதம், பந்தயக் குதிரையின் வேகத்தைக் குறைக்கும் மேல்மூச்சுப்பாதை நோய். நீளம் மிகுந்த இடப்பக்க நரம்பு நலிவதால் குரல்வளை முழுதாகத் திறவாது. ஓட்டத்தில் மூச்சிழுக்கும்போது இரைச்சல் எழும்.

குரல்வளைக் குருத்தெலும்பைத் தையலிட்டுப் பின்னிழுத்துக் கட்டும் அறுவை 1970இல் அறிமுகமானது. இது காற்றோட்டத்தைக் கூட்டும். குரல்மடிப்பு நீக்கம் இரைச்சலைத் தணிக்கும். இரண்டையும் ஒரே அளவுகோலில் எடைபோடுவது தவறு. நிற்கும் குதிரைக்குச் செய்யும் எண்டோஸ்கோப்பி போதாது, ஓட்டத்திலும் பார்க்க வேண்டும். சிகிச்சையின் பலனைப் பரிசுத்தொகையால் அளக்கும் கணக்கும் ஏமாற்றும்: வயது, பயிற்சி, போட்டியின் தரம் எல்லாம் அதில் கலந்திருக்கும். தையல் தளர்தல், இருமல், தீவனம் மூச்சுக்குழாயில் இறங்குதல் ஆகியவற்றைப் பதியாத ஆய்வு அரைகுறையானது.