ஒரே திரை, ரெண்டு ஊர்

நம்ம தங்கமணி மைசூர் மண்டி மொஹல்லா வீட்டில் உட்கார்ந்தபடி, திருநெல்வேலியில் ஒரு பாத்திரக்கடைக்கு டேலியில் கணக்கு எழுதுகிறார். ஜிஎஸ்டி நாள் நெருங்கினால் கடை அண்ணாச்சியின் திரை எங்கள் லேப்டாப்பில் வந்து நிற்கும். "அண்ணாச்சி, அந்த பில்லைத் திறங்க!" தெருவில் மூட்டை இறக்கும் சத்தத்தை மீறிக் கத்துவார்.

இந்த வித்தை எப்போது ஆரம்பித்தது என்று தோண்டினேன். 1968 டிசம்பர் 9. சான் பிரான்சிஸ்கோ மேடையில் உட்கார்ந்திருந்த டக்ளஸ் எங்கெல்பார்ட், மென்லோ பார்க்கில் இருந்த சகாவோடு ஒரே திரையில் வேலை செய்து காட்டினார். (மவுஸையும் அன்றுதான் ஊர் பார்த்தது!) ஆனால் அது ஆராய்ச்சிக்கூடச் சமாச்சாரம். தனியாளுக்குக் கை கொடுத்தது, கேம்பிரிட்ஜ் ஆய்வகம் ஒன்று 1998-ல் மூல நிரலோடு இலவசமாக வெளியிட்ட விஎன்சி. திரையில் மாறிய பகுதியை மட்டும் அனுப்பும். 2005-ல் வந்த டீம்வியூவரில் ஓர் எண்ணும் கடவுச்சொல்லும் சொன்னால் போதும்.

இங்கேதான் பேங்க்காரனுக்கு வயிற்றைக் கலக்குகிறது. எண்ணைக் கேட்பது யாரென்று மென்பொருளுக்குத் தெரியாதே! எனிடெஸ்க் செயலியை வைத்து நடக்கும் யுபிஐ திருட்டு பற்றி 2019 பிப்ரவரியில் ரிசர்வ் வங்கி எச்சரித்தது. அதற்குப் பிறகும் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் என் மேஜைக்கு வந்தார். "கஸ்டமர் கேர்" என்றவனுக்கு எண்ணைச் சொல்லியிருக்கிறார். ஓடிபி அவர் கண்முன்னேதான் வந்தது. பென்ஷன் போச்சு.

அன்றிலிருந்து வீட்டில் கறார். அண்ணாச்சி திரையைக் காட்டலாம், கட்டுப்பாட்டைத் தரக்கூடாது. பேங்க் பக்கம் திறக்கும்முன் பகிர்வை நிறுத்திவிட வேண்டும். அண்ணாச்சிக்குத்தான் வருத்தம்: "ஏம்மா, ஒன்னைய நம்பாம வேற யார நம்ப?"