கதவுக்குள் போன கண்ணாடி இழை

உருகி வழியும் கண்ணாடியின்மேல் அழுத்தக் காற்று பட, அது பஞ்சு பஞ்சாகப் பறந்தது. 1932-ல் அமெரிக்காவின் ஓவன்ஸ்-இல்லினாய் நிறுவன ஆய்வாளர்கள் தற்செயலாகக் கண்டது இது. கண்ணாடி இழை பெருமளவில் தயாராகத் தொடங்கியது அங்கேதான். முதலில் வெப்பத்தையும் குளிரையும் தடுக்கும் பஞ்சாகப் பயன்பட்டது. பாலியெஸ்டர் ரெசினோடு சேர்ந்த பிறகு படகு ஆனது. 1953-ல் செவ்ரோலே கார்வெட் காரின் உடம்பும் ஆனது. முதல் ஆண்டில் வந்த 300 கார்வெட்டுகளுக்கும் கண்ணாடி இழை உடம்புதான்.

கார் பட்டறைகளில் பூசும் வலுவூட்டிய பட்டிக்குப் (putty) போகும் இழை வேறு வழியில் பிறக்கிறது. மணல், சுண்ணாம்புக்கல், களிமண் எல்லாம் கடும் வெப்ப உலையில் ஒன்றாக உருகும். பிளாட்டினம் கலந்த தட்டின் நுண்துளைகள் வழியே அந்தக் குழம்பை வேகமாக இழுத்தால், தலைமுடியைவிடப் பல மடங்கு மெல்லிய இழை வரும். வந்த கையோடு சிலேன் சேர்ந்த பூச்சு ஒன்றைப் பூசுகிறார்கள். ரெசின் கண்ணாடியை விடாமல் பற்றுவது அந்தப் பூச்சால்தான். பிறகு இழையை நறுக்கி, ரெசினில் குழைத்து டப்பாவில் அடைக்கிறார்கள். மண்சுவருக்கு வைக்கோல் எதற்கோ, பட்டிக்கு இழையும் அதற்கே.

டப்பா பட்டறைக்கு வந்ததும் உண்மையான சோதனை ஆரம்பிக்கிறது. கார் கதவில் ஊஃபர் ஸ்பீக்கருக்குப் புதிதாக ஒரு கூடு கட்டுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். எம்.டி.எஃப் பலகை வளையத்தை நிறுத்தி, அதன்மேல் ஃப்லீஸ் துணியை இழுத்துக் கட்டி, ரெசினில் ஊறவைக்கிறார்கள். காய்ந்தால் ஓடு தயார். ஆனால் அது மெல்லியது. உட்பக்கம் கண்ணாடி இழை மேட் இரண்டு மூன்று அடுக்கு ஒட்டியே தீரவேண்டும். வளையமும் ஓடும் சேரும் மூலையில் நீள இழைப் பட்டி. இடைவெளியைத் தாண்டிப் பிடிக்க அதனால்தான் முடியும். வளைவுகளை நேர்செய்யக் குட்டை இழைப் பட்டி போதும். மேல்பூச்சுக்கு, நுண்கண்ணாடிக் குமிழ்கள் கலந்த, எளிதில் தேய்படும் லேசான பட்டி.

இந்த வரிசை மாறினால் வேலை கெடும். டால்க் கலந்த சாதாரணப் பட்டியை அடியில் தடிமனாகப் போட்டால், ஊஃபரின் அதிர்விலும் கதவை அறையும் அதிர்ச்சியிலும் விரிசல் விடும். இழைப் பட்டியை மேலே போட்டால் உப்புத்தாளுக்கு எளிதில் அடங்காது. தேய்த்த இடத்தில் இழை எழும்பி நிற்கும், நுண்துளை விழும். கடைசியில் மேலே ஒட்டும் மெல்லிய வினைல் அத்தனையையும் காட்டிக்கொடுக்கும்.

கம்பெனிக் கதவுப் பலகை பாலிப்ரொப்பிலீனாக இருந்தால் இன்னொரு சிக்கல்: பாலியெஸ்டர் பட்டி அதில் ஒட்டாது. சுரண்டினால் மட்டும் போதாது. ஓட்டை போட்டு, திருகாணியால் இறுக்கி, பட்டி மறுபக்கம் பிதுங்கிப் பூட்டிக்கொள்ளும்படி செய்ய வேண்டும்.

கலவையிலும் கவனம் வேண்டும். 100 கிராம் பட்டிக்குச் சுமார் 2 கிராம் ஹார்ட்னர். அதற்குச் சிவப்பு நிறம் கொடுத்திருப்பதே கலந்ததா என்று கண்ணுக்குத் தெரியத்தான். தட்டில் சிவப்புக் கோடு ஒன்றுகூட மிச்சமிருக்கக் கூடாது. அந்த இடம் மட்டும் வேறு வேகத்தில் இறுகும். தகட்டால் அழுத்தி மடித்துக் கலக்க வேண்டும், அடித்துக் கலக்கினால் காற்று புகும். சில நிமிடங்களில் கலவை சுடத் தொடங்கும். அதற்குள் பூசி முடித்தாக வேண்டும். தேய்க்கும்போது பறக்கும் கண்ணாடித் தூளும் ரெசினின் ஸ்டைரீன் நெடியும் உடம்புக்கு ஆகாதவை. முகமூடியும் கையுறையும் இல்லாமல் இந்த வேலையில் இறங்கக் கூடாது.

காசு கொடுத்து வேலை செய்யச் சொல்பவர்கள் லெதரின் நிறத்தைக் கேட்பார்கள், ஸ்பீக்கரின் பெயரைக் கேட்பார்கள். கதவு எத்தனை வருஷம் தாங்கும் என்பதை முடிவு செய்வது அடியில் இருக்கும் பட்டி. லெதர் ஒட்டுவதற்கு முன்னால் ஒருமுறை பட்டறைக்குப் போய், எந்த இடத்தில் எந்தப் பட்டி போட்டார்கள் என்று கேட்டுப் பார்த்துவிட்டு வாருங்கள்.